இருமல் மீன்

வலையை மடியில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். கல் ஈரம். கால்சட்டையும் ஈரம். இடது முட்டிக்குள் ஏதோ அரைபடுகிறது, தேயிலை ஃபாக்டரியில் ரோலருக்குள் குச்சி சிக்கினால் ஒரு அரைப்பு வருமே, அது மாதிரி. எனக்கு முன்னால் தொடையளவுத் தண்ணீரில் ஜோகி நிற்கிறான். முதுகு மட்டும் தெரிகிறது. அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. இது அவனுடைய கசம். அடுத்தது என்னுடையது. ஓடை எங்கெல்லாம் ஆழமாகத் தேங்குகிறதோ அதெல்லாம் கசம். ஒன்று அவனுக்கு, அடுத்தது எனக்கு. யாருடைய முறையோ அவன் தூண்டில் வீசுவான், மற்றவன் கரையில் வலையோடு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டின் பூவய்யா துரை போட்ட சட்டம். துரை குடகுக்குத் திரும்பிப் போய், அங்கேயே இறந்தும் போய், எஸ்டேட் கை மாறி, டீமேக்கராக இருந்த நான் ஓய்வு பெற்று, துரையின் காரை ஓட்டிய ஜோகி ஓய்வு பெற்று, எல்லாம் முடிந்தாயிற்று. சட்டம் மட்டும் இந்த ஓடையில் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்குச் சிரமம் கிடையாது. பேசுவதுதான் எனக்கு எப்போதும் அலுப்பு. இன்றைக்கு ஒன்று வாய்க்குள் கிடந்து உறுத்துகிறது, சோற்றில் வந்த கல் மாதிரி. ஜீப் சாவியைக் கொடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காலையில் சொல்லியிருக்கலாம். ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, தூண்டில் ராடுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சீகைக்காட்டு வழியே நடந்து வந்தோமே, அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலே சோலையின் தலையில் பனிமூட்டம் உட்கார ஆரம்பித்துவிட்டது. அது இறங்கும். இறங்கினால் கொண்டை ஊசி வளைவெல்லாம் பாலில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும். அதில் இவன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போவான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மாடு. காலையில் அந்த மாடு. நடு ரோட்டில் நின்றது, செவலை மாடு. வெயில் இருந்தது, மூட்டம் இல்லை, ரோடு வளையவும் இல்லை. கண் உள்ள எவனும் தூரத்திலேயே பார்த்திருப்பான். ஜோகி வேகத்தைக் குறைக்கவில்லை. மகன் வீட்டுக்குப் போனால் மருமகள் வைக்கிற குழம்பில் காரமே இல்லை என்று ஏதோ புலம்பிக்கொண்டு வந்தான். நான் பொறுத்துப் பார்த்தேன். இதோ பிரேக் போடுவான், இதோ போடுவான். என் கால் தானாகத் தகரத்தை அழுத்தியது, அந்தப் பக்கம் பிரேக் ஏது. கடைசியில் மாடு என்றேன். தெரியும் என்றான். சொன்ன பிறகுதான் மிதித்தான். ஜீப் குலுங்கி நின்றபோது மாட்டின் மூச்சு முன்கண்ணாடியில் படிந்தது. மாடு அவனைப் பார்த்தது. அவன் தலையைத் திருப்பி ரோட்டோரத்துத் தேயிலையைப் பார்த்தான். பயம் அப்போதுதான் எனக்கு வந்தது, மாட்டால் அல்ல. அவன் தேயிலையைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தான். கோழி பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால். நேராகப் பார்த்தால் அங்கே அவனுக்கு ஒன்றுமில்லை. என் தங்கை வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, சுற்றிலும் எல்லாம் சரியாகத் தெரியும். உன்னைப் பார்த்தால் காது இருக்கு, மூஞ்சி இல்லை என்பார். அவர் சைக்கிளைக்கூட விட்டுவிட்டார். இவன் ஜீப்பை விடமாட்டான். இந்த மலையில் ஜீப் ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவன் நினைப்பு. உண்மையும்தான். அதுதான் தொல்லை. நன்றாக ஓட்டத் தெரியாதவனிடம் சாவியைக் கேட்பது சுலபம்.

இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்ததா என்றால் இல்லை. ஈயை வைத்தே தெரிந்தது. நாங்கள் வீசுவது ஈ. உயிருள்ள ஈ இல்லை, தூண்டில் முள்ளின்மேல் நாட்டுச் சேவலின் கழுத்து இறகை நூலால் சுற்றிச் செய்தது. புழு கோத்துப் போடுகிறவனோடு ஜோகி டீ கூடக் குடிக்க மாட்டான். முன்பெல்லாம் இரண்டு வீச்சுக்கு மீன் அசையவில்லை என்றால் ஈயை மாற்றுவான். கறுப்பு, சாம்பல், செம்பட்டை, மறுபடி கறுப்பு. கல்யாண வீட்டுப் பெண் சேலை மாற்றுகிற மாதிரி என்று திட்டியிருக்கிறேன். போன மழைக்குப் பிறகு மாற்றுவதே இல்லை. வீட்டிலிருந்தே நைலான் நரம்பில் கட்டிக்கொண்டு வந்த ஒரே ஈ, அதே ஈ, சாயந்தரம் வரைக்கும். முள்ளின் தலையில் இருக்கிற துளை ஒரு கடுகு அளவு கூட வராது. அதில் நரம்பைக் கோக்கக் கண் வேண்டும். அப்புறம் முங்கு ஈக்கு மாறினான். மிதக்கிற ஈ என்றால் நீரோட்டத்துக்கு எதிராக மேலே வீசி, அது மிதந்து வருவதைக் கண்ணால் பிடித்துக்கொண்டே இருந்து, மீன் உறிஞ்சுகிற நேரம் பார்த்து ராடைச் சுண்ட வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் துப்பிவிடும். முங்கு ஈக்கு அதெல்லாம் வேண்டாம். கீழ்ப்பக்கம் விட்டுவிட்டு நின்றால் மீனே இழுக்கும், கைக்குத் தெரியும். எனக்கு எப்போதும் முங்கு ஈதான், நான் சோம்பேறி. அதை வைத்துத்தான் ஜோகி என்னை ஓட்டுவான். டீமேக்கர் குருட்டு மீன்பிடி பிடிக்கிறார், யாரும் லைட் போடாதீங்க என்பான். துரைக்கு முன்னாலேயே சொல்வான், துரை சிரிப்பார். அந்த ஜோகி போன மழைக்குப் பிறகு முங்கு ஈ கட்டிக்கொண்டு வந்தபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இத்தனை வருஷக் கிண்டலுக்குப் பதில் என்னிடம் பாக்கி இருந்தது. எடுத்துச் செலவழிக்க மனசு வரவில்லை.

இன்றைக்கு வந்துவிட்டது. சாவியைக் கொடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது வந்து விழுந்தது. ராடைப் பூட்டிக்கொண்டிருந்தான். இன்னைக்கும் குருட்டு மீன்பிடிதானா என்று கேட்டேன். கை நின்றது. கட்டியிருந்த முங்கு ஈயைப் பல்லால் கடித்துத் துப்பினான். டப்பாவைத் திறந்து, விரலால் தடவித் தடவி, மிதக்கிற ஈ ஒன்றை எடுத்தான். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். தோள் அசைந்ததில் தெரிந்தது. நாக்கு நுனியில் துளையைத் தேடி, உதட்டில் வைத்து நரம்பைக் கோக்கிறான். நான் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவன் முடிக்கிற வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது அந்த ஈயைத்தான் வீசிக்கொண்டிருக்கிறான், தனக்குக் கண் இருக்கிறது என்று எனக்குக் காட்ட. நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டாயிற்று.

கசத்தின் தலையில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. அதன் ஓரமாக நுரை ஒரு கோடு போல ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே மீன் இருக்கிறது. நான் வந்து உட்கார்ந்ததும் பார்த்துவிட்டேன். மூக்கை நீட்டி, எதையோ எடுத்து, உள்ளே போகும். வளையம் ஒன்று விரியும், நுரையில் கலைந்துபோகும். ஜோகிக்கு மீன் இருப்பது தெரிகிறது. காதால். சில சமயம் ப்ளக் என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறது, உடனே தலையைச் சாய்க்கிறான். வீசுகிறான் பாருங்கள், அந்தக் கை. லைன் பின்னால் போய் நீளுகிறது, ஒரு மூச்சு நிற்கிறது, முன்னால் போய் விரிகிறது, ஈ கடைசியாக, இறகு இறங்குகிற மாதிரி இறங்குகிறது. பாறைக்கு மேலே, சரியாக நுரைக் கோட்டில். கண் போனது கைக்குத் தெரியவில்லை. இதைப் பார்க்கிற எவனும் சத்தியம் செய்வான், இவனுக்கு எல்லாம் தெரிகிறது என்று. பிரகாஷ் போன் செய்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன். ஜோகியின் மகன். அங்கிள், அப்பா வண்டி சரியாத்தான் ஓட்டுறாரா, என்கிட்ட மறைக்கிறாரோன்னு தோணுது என்றான். சரியாத்தான் ஓட்டுறான் என்றேன். சரியாக ஓட்டவில்லை என்றால் பிரகாஷ் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோயமுத்தூரிலிருந்து வந்து, ஜீப்பை விற்று, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மாடிவீட்டில் வைத்துவிடுவான். நல்ல பிள்ளை. அதைத்தான் செய்வான். ஜோகி அங்கே பால்கனியில் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்து எந்த கியரில் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பான். நான்? எனக்கு மட்டும் இந்த ஓடை எங்கே வரும். பஸ் இங்கே வராது. என் முட்டி மஞ்சூர் ரோட்டிலிருந்து ஏறி வராது. ஆகவே சரியாத்தான் ஓட்டுறான் என்று நான் சொன்னது யாருக்காக என்று கேட்டால், வேண்டாம், கேட்க வேண்டாம்.

ஈ வருகிறது. நுரையோடு நுரையாக, ஒரு சாம்பல் பொட்டு. எனக்கே இங்கிருந்து கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது. லைனின் நடுப்பகுதியை நீரோட்டம் இழுத்துவிட்டது, ஈ தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடுகிறது. எந்த ஈ அப்படி ஓடும். மீன் அசையவில்லை. திடீரென்று ஜோகி ராடைச் சுண்டுகிறான். ஒன்றுமில்லை. ஒரு இலை போயிற்று, அவ்வளவுதான். லைன் அவன் தோளில் வந்து விழுகிறது. ச்சை என்கிறான். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல கண் உள்ளவனும் இலைக்குச் சுண்டுவான். நான் எத்தனை இலை பிடித்திருக்கிறேன். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும், யாராவது தந்தால் தேவலை. சரி, மீனே தரட்டும். அந்தப் பாறை மீன் அவன் ஈயை எடுத்து, அவன் பார்த்துச் சுண்டிவிட்டால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே ஓட்டட்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்கிறேன். மீன் எடுத்து அவன் சும்மா நின்றால் சாவியைக் கேட்டுவிடுகிறேன். இங்கேயே, தண்ணீரிலிருந்து ஏறுவதற்குள். இது நியாயம். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இப்படி முடிவு செய்ததும் முதுகு கொஞ்சம் இளகுகிறது. அட்டை ஒன்று ஷூவில் ஏறுகிறது. தட்டிவிடுகிறேன். மறுபடி ஏறுகிறது. அதற்கென்ன, அதற்கு அலுப்பு கிடையாது.

பார்த்துச் சுண்டினால்தான் அது உன் மீன். அதுவும் துரையின் சட்டம். தானாக வந்து மாட்டிக்கொண்டது விபத்து, அடுத்தவன் சொல்லிச் சுண்டியது அடுத்தவன் மீன். எதையும் கொல்வதில்லை, எல்லாம் திரும்ப ஓடைக்குத்தான், அப்படி இருக்கும்போது எவன் மீனாக இருந்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்படி இருக்கறதாலதான் என்றார் துரை. வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மீனே சாட்சி. விட்டுவிட்டால் உன் வாய் ஒன்றுதான் சாட்சி. வாய் சுத்தமாக இருக்க வேண்டாமா. இந்த இடத்தில் இருமல் மீனை நினைக்காமல் இருக்க முடியாது. அவன் என்னை விட்டிருக்கிறானா, நினைக்காமல் இருக்க. அது ஒரு கோடை. என் முறை, என் கசம், அபூர்வமாக மிதக்கிற ஈ போட்டிருந்தேன். காட்டெருமை ஒன்று எதிர்க்கரையில் வந்து நின்றது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோகி பின்னால் இருமினான். நான் திடுக்கிட்டுச் சுண்டினேன். மாட்டிக்கொண்டது. என் ஆயுளில் நான் தொட்ட ட்ரவுட் மீன்களிலேயே பெரியது. வலையில் போட்டு, விட்டு, கரைக்கு வந்து உட்கார்ந்தால் ஜோகி துரையிடம் சொல்கிறான், ஐயா, அது அவர் மீன் இல்லை, நான் இருமினேன், அவர் சுண்டினார், அது இருமல் மீன். துரை யோசித்துவிட்டு ஆமாம் என்றார். டீமேக்கர், அது கணக்கில் வராது. அன்றைக்கு ஆரம்பித்தது. எஸ்டேட் முழுக்கப் பரவியது. இலை பறிக்கிற பெண்கள்கூட நான் போகும்போது இருமினார்கள். என் மகள் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம், இந்த ஜோகி என் காதுக்குப் பின்னால் வந்து இருமினான்.

குளிர் இப்போது உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வலையின் பிடி ஈரம். வீட்டில் என் மனைவி எஸ்தர் வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பார்க்காத மாதிரி. பிடித்து விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று அவள் கல்யாணமான புதிதில் கேட்டாள். விட்டால்தான் அடுத்த தடவை இருக்கும் என்றேன். மீனைக் கேட்டீங்களா என்றாள். அதற்கு இன்னும் பதில் தெரியாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற காதைக் குறட்டால் நசுக்கிவிடுகிறோம், கழற்றும்போது கிழிக்காமல் இருக்க. கையை நனைத்துக்கொண்டுதான் தொடுகிறோம், வறண்ட கை பட்டால் அதன் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடித்துச் செத்துவிடும். முட்டை கட்டுகிற மாதங்களில் வருவதில்லை. வெயிலில் தண்ணீர் சூடாகிற நேரத்தில் வீசுவதில்லை, அது திணறிவிடும். இவ்வளவு மரியாதையும் செய்து, வாயில் முள்ளையும் குத்துகிறோம். மனுஷனுக்கும் அப்படித்தான் செய்கிறோம் போல. ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்து, குருட்டு மீன்பிடியா என்றும் கேட்கிறோம். அலுத்துவிட்டது. எழுந்து போய்விடலாமா. ஜோகி, மூட்டம் இறங்குது, போகலாம் என்றால் கேட்பான். கேட்டு, ஏறி, ஜீப்பில் அவன் பக்கம் போய் உட்காருவான். ஒன்பதாவது வளைவில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. மழையில் போனது, கட்டவே இல்லை. கீழே வரிசையாகத் தேயிலை, பச்சை, ஒழுங்காக, மெத்தை மாதிரி தெரியும். மெத்தை இல்லை. எங்கள் லாரி ஒன்று போயிருக்கிறது அதில். நான் இறங்கிப் பார்த்தேன். அதை இப்போது நினைக்க வேண்டாம். எஸ்தர் ஜன்னலில். வெந்நீர் ஆறி, மறுபடி சூடாக்கி. வேண்டாம்.

வீசுகிறான். இந்த வீச்சு வேறு. கை இறங்கும்போதே தெரிகிறது, ஃபாக்டரியில் வாடின இலையை முகர்ந்ததும் இது சரி என்று தெரியுமே, அப்படி. லைனை நுரைக்கு இந்தப் பக்கம் தளர்வாகப் போட்டுவிட்டான், நீரோட்டம் இழுக்காது. ஈ நிமிர்ந்து வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. மூட்டத்தின் வெளிச்சத்தில் தண்ணீர் ஈயம் பூசின மாதிரி, அதில் ஒரு பொட்டு. அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? பாறையைப் பார்த்து நேராக. நேராக வைத்தால் ஒன்றும் தெரியாதேடா, சாய், தலையைச் சாய். பாறையின் நிழலில் இருந்து ஒரு மூக்கு வருகிறது. சத்தமே இல்லை. ப்ளக் இல்லை, வளையம்கூட இல்லை. ஈ இருந்தது, ஈ இல்லை. அவ்வளவுதான். எடுத்துவிட்டது. ஜோகி நிற்கிறான். ராடு அப்படியே இருக்கிறது. தோள் அப்படியே இருக்கிறது. முகத்தில், பக்கவாட்டில் எனக்குத் தெரிகிற கன்னத்தில், எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது. இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தீர்ப்பு வந்துவிட்டது. சும்மா நிற்கிறான். இனி நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், மீன் துப்பிவிடும், நான் எழுந்து

“சுண்டு.”

என் வாயா அது? சுண்டிவிட்டான். யோசிக்காமல், அந்தக் காலத்தில் துரை நிறுத்து என்றால் நிறுத்துகிற மாதிரி. ராடு வளைகிறது. கசம் முழுக்க விழித்துக்கொள்கிறது. மீன் மேலே பாய்ந்து, உடம்பை முறுக்கி, விழுந்து, பாறைக்கடியில் ஓடப் பார்க்கிறது. ஜோகி விடவில்லை, இழுக்கவும் இல்லை, ராடைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்புகிறான். இதற்கெல்லாம் கண் வேண்டாம். நான் என்ன செய்துவிட்டேன். நானே வைத்த நியாயம், நானே கெடுத்துவிட்டேன். மீன் பிடித்தாயிற்று, இனி இவனை யார் பிடிப்பது. கரையேறி வந்து மார்பை நிமிர்த்துவான். பார்த்தியா டீமேக்கர், குருட்டு மீன்பிடியான்னு கேட்டியே என்பான். நீ சொல்றதுக்கு முன்னாடியே என் கை கிளம்பிடுச்சு என்பான். நான் என்ன சொல்ல முடியும், அரை மூச்சு வித்தியாசம், எவன் அளந்தான். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு ஜீப்புக்கு நடப்பான். எனக்கு வாயில் அந்தக் கல் இன்னும் கிடக்கும். எழுந்து தண்ணீரில் இறங்குகிறேன். முட்டி கத்துகிறது. குளிர் ஷூவுக்குள் புகுந்து விரல்களைத் தின்கிறது. வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைத்து அசையாமல் நிற்கிறேன், துரத்தக் கூடாது, மீனைத்தான் வலைமேல் கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறான். தூக்குகிறேன். பக்கத்தில் ரோஜா நிறப் பட்டை, மேலெல்லாம் மிளகு தூவின மாதிரி புள்ளி. வாய் ஓரத்தில் சாம்பல் ஈ. ஜோகி கையை நனைத்துக்கொள்கிறான். வலைக்குள் விட்டுத் தடவி, முள்ளைக் கண்டுபிடித்து, ஒரு திருப்பு, வந்துவிட்டது. தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் ஏந்தி, மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். செவுள் திறந்து மூடுகிறது.

பெருசா என்று கேட்கிறான். பார்த்துக்கொண்டே கேட்கிறான், கையில் வைத்துக்கொண்டே. நடுத்தரம் என்கிறேன். அது உண்மை. ம் என்கிறான். வால் ஒருமுறை அவன் மணிக்கட்டில் அடிக்கிறது. பிறகு கை காலியாக இருக்கிறது, அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே ஏந்திக்கொண்டிருக்கிறான்.

கரையேறினோம். நான் கல்லில் உட்கார்ந்தேன், அவன் பக்கத்தில். நான் காத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெருமைப் பேச்சுக்கு. பதில்கூடத் தயாராக இருக்கிறது, கெட்ட வார்த்தையோடு. அவன் கால்சட்டையில் கையைத் துடைக்கிறான். ரொம்ப நேரம் துடைக்கிறான். மூட்டம் சீகைமரங்களுக்கு வந்துவிட்டது. எங்கேயோ ஒரு பறவை சீட்டி அடித்துப் பாதியில் விடுகிறது.

“இருமல் மீன்” என்கிறான்.

நான் இருமவில்லையே என்கிறேன்.

“சொன்னியே. அது இருமலை விடக் கேவலம்.” துடைப்பதை நிறுத்திவிட்டான். “அது எப்போ எடுத்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நான் பாக்கலை, டீமேக்கர்.”

அரை மூச்சு வித்தியாசம், யாரும் அளக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வீட்டில் சொல்கிறான், மகனிடம் சொல்கிறான், மாட்டிடம்கூடச் சொன்னான். இங்கே மட்டும் வரவில்லை அவனுக்கு. ஒரு மீனுக்காக, அதுவும் போய்விட்ட மீனுக்காக. அட்டையைத் தட்டிவிடுகிறேன். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கிறான். ஒரே ஈயைக் கட்டிக்கிட்டு நாள் பூரா வீசினியே, அப்போதிருந்து என்கிறேன். அப்படியா என்கிறான். திட்டியிருக்கலாமே என்கிறான். அடுத்த கசம் உன்னுது, போ, வீசு என்கிறான். முட்டி விட்டுப்போச்சு, எழுந்திரு என்கிறேன். எழுந்திருக்கிறோம், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் யாரைப் பிடித்தார் என்று தெரியாமல்.

ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் ராடுகளைப் பின்னால் போடுகிறேன். திரும்பினால் அவன் இடதுபக்கக் கதவருகே நிற்கிறான். பாக்கெட்டில் இருந்து சாவியை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறான். நான் நிற்கிற இடத்துக்கு இல்லை, கொஞ்சம் தள்ளி, மூட்டத்தைப் பார்த்து நீட்டுகிறான். இங்கே என்று சொல்லத் தெரியாதா எனக்கு. சொல்லவில்லை. அந்தக் கை இருக்கிற இடத்துக்கு நான் நகர்ந்து போய் நின்று வாங்கிக்கொள்கிறேன். பிரகாஷுக்கு யார் சொல்வது என்று கேட்கிறேன். நானே சொல்றேன், நீ சொன்னா பாதி முழுங்கிடுவே என்கிறான். பிறகு ஓடை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

நான் ஓட்டி எவ்வளவு காலம் ஆயிற்று. கிளட்ச் இடதுகாலில். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிக்குள் அந்தக் குச்சி. முதல் கியர் போடுகிறேன், உறுமுகிறது, ஜோகி கண்ணை மூடிக்கொள்கிறான், வலி அவனுக்குத்தான் மாதிரி. கியர் போடுறியா, தேயிலை சலிக்கிறியா என்கிறான். வாயை மூடு என்கிறேன். வளைவுல நீ இரண்டாவது கியர் போட்டேன்னு வச்சுக்க, நான் இறங்கி நடந்திடுவேன் என்கிறான். நட என்கிறேன். விளக்குப் போட்டும் மூட்டம் விளக்கையே திருப்பி முகத்தில் அடிக்கிறது. ரோட்டின் நடுக்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன், அதை விட்டால் எனக்கு வேறெதுவும் இல்லை, கண் எரிகிறது, தோள் கல்லாகிவிட்டது, ஒன்பதாவது வளைவு இன்னும் வரவில்லை. கோடு, கோடு, கோடு. பக்கத்தில் அவன் பேச்சை நிறுத்திவிட்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டு வருகிறான், நேரே எதுவும் இல்லாத கண்ணால்.

“மாடு” என்கிறான்.

எங்கே என்று கேட்கவில்லை. கால் மிதித்துவிட்டது. ஜீப் முனகி நிற்கிறது. இடது ஓரத்துத் தேயிலைக்குள்ளிருந்து அந்தச் செவலை மெதுவாக ரோட்டில் கால் வைக்கிறது, விளக்குக்கு முன்னால் வந்து நின்று எங்களைப் பார்க்கிறது. அதன் மூச்சு கண்ணாடியில் படிகிறது.

தெரியும் என்கிறேன்.